மூடிய உதட்டின் மூன்று பிரேம்கள்

அசைந்து முடிந்த உதடுகளுக்குச் சொல் தேடிக் கொடுப்பது பெய் ரோங்கின் வேலை.

பெய்ஜிங்கின் கிழக்கு ஓரத்தில், பழைய நூல் ஆலைக்குள் தடுப்புப் போட்டுக் கட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். அரண்மனைத் தொடர்களில் பாதிப் பேர் சொந்தக் குரலில் பேசுவதில்லை. படப்பிடிப்பில் காற்று வீசவைக்கும் காற்றாடியின் இரைச்சல், தெற்கத்தி உச்சரிப்பு, மனப்பாடம் ஆகாத வசனம் என்று ஆளுக்கொரு காரணம். வசனம் வராத நாளில் கதாநாயகி கண்ணில் நீர் வழிய, உதடு துடிக்க, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணிவிட்டுப் போய்விடுவாள். பிறகு ரோங் உட்கார்ந்து, "தந்தையே, உங்கள் ரத்தத்துக்கு நான் பதில் கேட்பேன்" என்பதை அந்த எண்களின் வாயசைவுக்குள் பொருத்த வேண்டும்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு நொடிக்கு இருபத்தைந்து பிரேம். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க வேண்டும். உதடு ஒட்டினால் அது ப அல்லது ம. கீழுதடு மேல்பல்லைத் தொட்டால் ஃப. குவிந்தால் உ. மற்ற ஒலிகளெல்லாம் நாக்கு வாய்க்குள் ஒளிந்துகொண்டு செய்கிற வேலை. அவற்றுக்கு எதையும் மாற்றி வைக்கலாம், பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஒட்டுகிற உதட்டை ஏமாற்ற முடியாது. உதடு மூடியிருக்கும்போது 'ஆ' என்று குரல் வந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். ரோங் இதற்கெல்லாம் குறிகள் வைத்திருந்தாள். மூடிய உதடு ஒரு நேர்க்கோடு, குவிந்தது ஒரு வட்டம், பல் தொட்டது கீழே புள்ளி வைத்த கோடு. ஒரு பக்கம் நிறைய இந்தக் குறிகளைப் பார்த்தால் அவளுக்கு ஒரு மனிதர் பேசுவது போலவே இருக்கும்.

"டீச்சர், இந்தம்மா நாற்பத்தேழு வரைக்கும் எண்ணிட்டா," என்றார் ஒலிப்பொறியாளர் குய், சூரியகாந்தி விதையைக் கடித்துக்கொண்டே. "இவ பழி வாங்குறாளா, கடையில தக்காளி பொறுக்குறாளா?"

இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் டீச்சர்தான். வெந்நீர்க் குடுவை நிரப்புகிறவரும் டீச்சர்.

"விதையை வெளியில வெச்சுட்டு வாங்க டீச்சர். மைக்குல கடக்கு கடக்குன்னு கேக்குது."

"அரண்மனையில எலி இருக்காதா? அப்படியே விட்டுடலாம்."

அந்தத் தொடர் மூன்று வருடம் பெட்டிக்குள் கிடந்தது. கதாநாயகன் வெளியில் செய்த ஏதோ ஒரு காரியத்தால் அவன் முகம் திரையில் வரக்கூடாது என்றாகிவிட்டது. இப்போது அவன் முகத்தின்மேல் வேறொருவன் முகத்தைக் கணினியில் ஒட்டி, தொடரைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். கதை இதுதான்: ஒரு போலிக் கடிதத்தால் ஒரு தளபதியின் குடும்பமே வெட்டப்படுகிறது. தப்பிய மகள் வேறு பெயரில் அரண்மனைக்குள் நுழைகிறாள். கடிதத்தை எழுதியது யார் என்று முப்பத்தேழு அத்தியாயம் தேடுகிறாள். தேடும் வழியில் ஒரு இளவரசனிடம் மனதைக் கொடுக்கிறாள். கடைசியில், எழுதியது அவன்தான். மதில்மேல் நின்று, கத்தியோடு அவன்மேல் பாய்கிறாள்.

தணிக்கைக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. வந்த குறிப்பில், நாயகி தன் கையால் பழி தீர்க்கக் கூடாது, பகையை விட்டுவிட வேண்டும் என்றிருந்தது.

"பன்னெண்டு மீட்டர் உயரத்துல இருந்து கத்தியோட குதிக்கிறவளுக்கு வழியில மனசு மாறணுமாம்," என்றார் குய். "அதுக்கு நேரம் எங்க இருக்கு? ஒன்றரை செகண்ட்ல கீழ வந்துடுவா."

ரோங் சிரிக்கவில்லை. இந்த வேலையை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். கூலி குறைவு என்று மற்றவர்கள் ஒதுங்கியபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மதில்மேல் கதாநாயகிக்குப் பதிலாகக் கயிற்றில் தொங்கியது அவள் தங்கை ஷுவாங். அந்தப் பாய்ச்சலில்தான் ஷுவாங் செத்தாள். இருபத்தாறு வயது. நகலாக நடிப்பவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது, அதனால் புதிய ஆட்களுக்கு எதுவும் தெரியாது.

எப்படிச் செத்தாள் என்பது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. பாரந்தூக்கியின் உச்சியில் கப்பி. அதன் வழியாக ஒரு கயிறு ஷுவாங்கின் இடுப்பிலிருந்து கீழே இறங்கும். கீழே நான்கு ஆட்கள் அதைப் பிடித்திருப்பார்கள். முதல் பிடி தோங் கெங். ஷுவாங்கைக் கட்டிக்கொள்ள இருந்தவன் அவன்தான். இது போக, முதுகில் ஒரு கொக்கியில் இரண்டாவது காவல் கயிறு. மேலே இருப்பவள் கொக்கி பூட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு "ஃபாங்" என்று சொல்ல வேண்டும். விடு என்று பொருள். சொன்னதும் கீழே விடுவார்கள். சொல் கொடுத்தவளே சரிபார்த்தவள் என்பது அங்கே சட்டம். அன்று கொக்கி பூட்டியிருக்கவில்லை. இடுப்புக் கயிறு கப்பியை விட்டு நழுவியபோது தாங்க இன்னொன்று இல்லை. "அவள் விடு என்றாள், விட்டேன்" என்று தோங் கெங் விசாரணையில் சொன்னான். ஆகவே பிழை ஷுவாங்கினுடையது. கோப்பு மூடப்பட்டது.

அப்பாவின் மனமும் அன்றே மூடிக்கொண்டது. அவர் ஊர் வூச்சியாவ். வித்தைக்காரர்கள் ஊர். நாற்பது வருடம் கம்பியில் நடந்தவர், இரண்டு மகள்களுக்கும் நடை பழகுமுன் தலைகீழாக நிற்கப் பழக்கியவர். "சொல்லு வாயை விட்டுப் போறதுக்கு முன்னாடி கை கொக்கியைத் தொட்டிருக்கணும்," என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். வசந்த காலக் கல்லறைச் சுத்தத்துக்குப் போனால் அவர் தன் தாய் தந்தை கல்லறையைப் பெருக்குவார், மனைவியின் கல்லறையைப் பெருக்குவார், ஷுவாங்கினுடையதைத் தாண்டிப் போய்விடுவார். "தொடாம சொல்லிட்டா," என்பார். அவ்வளவுதான். அழுதால்கூடப் பரவாயில்லை.

ரோங்குக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஷுவாங் அந்தச் சொல்லைக் கொடுக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். அதன் பிறகு தோங் கெங்கின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்.

ஒரு மதியம், பேரிக்காய் வேகவைத்த தண்ணீரை வைத்துக்கொண்டு அவள் மதில் காட்சியின் மூலப் பதிவுகளை ஓட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது கேமராவின் பக்கவாட்டுக் காட்சி ஒன்று வந்தது. காற்றாடி அடித்த வேகத்தில் விக்கின் கூந்தல் மதில்மேல் நின்றவளின் கண்களையும் கன்னத்தையும் மூடியிருந்தது. வாய் மட்டும் தெரிந்தது. திறந்தபோது இடப்பக்கம் ஒரு தெற்றுப்பல்.

கதாநாயகிக்குப் பல்வரிசை பளிங்கு போல இருக்கும்.

ரோங் தண்ணீர்க் குவளையை மெதுவாகக் கீழே வைத்தாள். ஷுவாங்கின் கடைசிப் பாய்ச்சல்; அழிந்துவிட்டது என்று நிறுவனம் சொன்ன பதிவு அது. ஒலியைக் கூட்டினாள். ஹோவென்று காற்றாடி, வேறெதுவும் இல்லை. எப்படியும் பின்னால் குரல் சேர்க்கப் போகிறோம் என்று யாரும் மைக் வைத்திருக்கவில்லை. பிரேம் பிரேமாக நகர்த்தினாள். கீழுதடு பல்லைத் தொடுகிறது, இரண்டு பிரேம். வாய் அகலத் திறக்கிறது, ஐந்து. அது ஃபாங். சந்தேகமே இல்லை.

அதற்கு முன்னால்?

பின்னுக்கு ஓட்டினாள். உதடுகள் ஒட்டியிருந்தன. மூன்று பிரேம். பிறகு பாதி திறந்து, ஓரங்கள் பக்கவாட்டில் இழுபட்டு, நான்கு பிரேம். பிறகுதான் ஃபாங்.

நம் பேச்சில் 'விடாதே' என்றால் மறுப்பு வாலில் வரும். அவர்கள் பேச்சில் அது தலையில் வரும். முதலில் 'பியே', அதாவது 'வேண்டாம்'. பிறகு 'ஃபாங்'. விடாதே. உதடு ஒட்டும், ஓரம் இழுபடும், பல் தொடும், வாய் திறக்கும். காற்றாடி முதல் சொல்லைத் தின்றிருந்தால் கீழே இருப்பவனுக்குக் கேட்டது 'விடு' மட்டும்தான்.

"என்ன டீச்சர், பேயைப் பாத்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றார் குய்.

"ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் லீவு வேணும்."

படம் வெளியே கசியும் என்று கைப்பேசிகளை வாசலிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அதனால் படம் எடுக்க வழியில்லை. ரோங் தன் குறிகளில் எழுதிக்கொண்டாள். மூன்று நேர்க்கோடு, நான்கு இழுபட்ட கோடு, இரண்டு புள்ளிக்கோடு, ஐந்து திறந்த வாய். பதினான்கு குறிகள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெற்கே, படப்பிடிப்பு நகரமான ஹெங்தியனுக்கு ரயில் ஏறினாள்.

அங்கே பொய் அரண்மனை வளாகத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கல் பாவிய முற்றத்தில் முப்பது பிணங்கள் வரிசையாகக் கிடந்தன. உணவு இடைவேளை என்று குரல் வந்ததும் இருபத்தொன்பது எழுந்து சோற்றுப் பெட்டிக்கு ஓடின. ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் படுத்தே இருந்துவிட்டு எழுந்தது. அதுதான் தோங் கெங். அந்த நாளுக்குப் பிறகு அவன் கயிற்றைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தாள்.

பிணமாக நடிப்பவருக்குக் காட்சி முடிந்ததும் ஒரு சிவப்பு உறை கொடுப்பார்கள். சாவின் தோஷம் ஒட்டாமல் இருப்பதற்கு. உறைகளை நீட்டிக்கொண்டு வந்த பெண் இவனிடம் நின்றாள்.

"வாங்கிக்கோ தோங். வாங்காம போனா செத்தது செத்ததாவே ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும்."

"இவன் நம்ம பொழப்பைக் கெடுக்கறான்யா," என்றது வாய் நிறையச் சோற்றோடு இன்னொரு பிணம். "இந்த மாசம் ஒன்பது வாட்டி செத்துட்டான், ஒரு உறை வாங்கல. இவன் பக்கத்துல யாரு படுக்கறது? எனக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்கு."

அப்போதுதான் அவன் ரோங்கைப் பார்த்தான். முகத்தில் பூசிய ரத்தச்சாயம் மழையில் கழுத்துவரை வழிந்திருந்தது.

"அக்கா."

"அக்கான்னு கூப்பிடாத." மதிலோர இறவாரத்தின் கீழ் அவனை இழுத்துக்கொண்டு போனாள். காகிதத்தை விரித்தாள். "படி."

"இது என்ன, கோழி கிறுக்கினாப்பல இருக்கு."

"உதடு. இந்தக் கோடு உதடு மூடினது. ஒரு கோடு ஒரு பிரேம். இது ஓரம் இழுத்தது. இது பல்லு. இது வாய் திறந்தது. உன் வாயால செஞ்சு பாரு. வரிசையா."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. விரலைக் குறிகளின் மேல் நகர்த்திக்கொண்டே உதட்டை ஒட்டினான், இழுத்தான், பல்லைத் தொட்டான். விரல் கடைசிக்கு வந்தபோது யாருடைய வாய் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டான்.

"புரியுதா?" என்றாள் ரோங். "பியே ஃபாங். விடாதேன்னு சொல்லியிருக்கா. கொக்கியைத் தொட்டுப் பாத்திருக்கா, பூட்டலன்னு தெரிஞ்சிருக்கு, விடாதேன்னு கத்தியிருக்கா. நீ விட்ட. விட்டுட்டுப் போய் அவமேல பழியைப் போட்ட."

அவன் மறுபடி அந்த வாயசைவைச் செய்து பார்த்தான். இந்த முறை குரலோடு.

"பென்... ஃபாங்."

"என்ன?"

"பென். மண்டு. என்னை அப்படித்தான் கூப்பிடுவா, அக்கா. தரையில இருந்தா முழுப் பேரு. கயித்துல ஏறிட்டா மட்டும் பென். 'மண்டு, விடு'. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொல் கொடுப்பா. மூணு வருஷமா, நூறு தடவைக்கு மேல."

தூறல் வலுத்தது. முற்றத்தில் யாரோ பிணங்களைக் கூப்பிட்டார்கள்.

"விசாரணையில ஏன் இதைச் சொல்லல?"

"சொன்னேன். எழுதினவரு, செல்லப் பேரெல்லாம் வேண்டாம்பா, கட்டளையை மட்டும் சொல்லுன்னாரு."

"சரி. அன்னைக்கு உன் காதுல என்ன விழுந்துச்சு? பென்னா, பியேயா?"

அவன் முகத்துச் சாயத்தைப் புறங்கையால் துடைத்தான்.

"ஃபாங் மட்டும்தான் விழுந்துச்சு," என்றான். "முன்னாடி ஏதோ ஒண்ணு இருந்துச்சு. எப்பவும் பென்தானே, அதனால பென்னுன்னு நினைச்சேன். நினைக்கக்கூட இல்ல. கை அதுவா விட்டுடுச்சு."

ரோங் தன் தொழிலின் மொத்த அறிவையும் அந்தப் பதினான்கு குறிகளின் மேல் கொட்டிப் பார்த்தாள். பென் என்று சாதாரணமாகச் சொன்னால் உதட்டோரம் தளர்ந்து இருக்கும். இழுபடாது. அவள் வாயைத் திறந்து இதைச் சொல்வதற்குள் தோங் கெங் கேட்டான்:

"அந்தப் படத்துல சிரிச்சாளா அக்கா? அவ பென்னுன்னு சொன்னா சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா."

சிரித்துக்கொண்டு சொன்னால் ஓரம் இழுபடும். பயத்தில் பியே என்றாலும் இழுபடும். இரண்டையும் பிரிப்பது கண்கள். கண்களைக் கூந்தல் மூடியிருந்தது.

"தெரியல," என்றாள்.

அவன் காகிதத்தைத் தன் முழங்கால்மேல் வைத்து நீவிவிட்டான். "பியேன்னே எழுதிக்குங்க. விடாதேன்னு சொன்னா, எனக்குக் கேட்டுச்சு, ஆனாலும் விட்டேன்னு நான் எழுதித் தரேன். கைரேகை வெக்கறேன்."

"உள்ள போட்டுடுவாங்க."

"வெளிய மட்டும் என்ன செய்யறேன்? படுத்துத்தானே கிடக்கேன்."

மூன்று வருடமாக அவள் கேட்டது அது. கையை நீட்டினால் போதும். அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டலாம், ஷுவாங்கின் கல்லறையில் அவர் துடைப்பத்தை எடுப்பார். ஆனால் அந்த மூடிய உதடு உண்மையில் பென்னாக இருந்துவிட்டால்? அப்படியானால் ஷுவாங் பூமியில் கடைசியாகச் சொன்னது இவனுடைய செல்லப்பெயர். அதை அவள் வாயிலிருந்து பிடுங்கி, அதே இடத்தில் இவனுக்கு எதிரான சாட்சியை வைப்பதாகும். கவனமாக இருந்து கொல்லப்பட்டாளா, கவனமில்லாமல் காதலோடு போய்ச் சேர்ந்தாளா? இரண்டில் எதை எழுதினாலும் ஷுவாங்கிடமிருந்து ஒன்றைத் திருட வேண்டியிருந்தது.

"வேண்டாம்," என்றாள் ரோங். அவளுக்கே அந்தச் சொல் அந்நியமாகக் கேட்டது.

"இந்தத் தாளை நான் வெச்சுக்கட்டுமா?"

அவள் தலையசைத்தாள். அவன் அதை நான்காக மடித்து, செத்த சிப்பாயின் கவசத்துக்குள் செருகிக்கொண்டு, மழையில் போய்த் தன் இடத்தில் படுத்தான்.

கூடத்துக்குத் திரும்பியதும் மதில் காட்சிக்கு அவள் வசனம் எழுதிக் கொடுத்தாள். இரண்டே சொல். பியே ஃபாங். கீழே நிற்கும் இளவரசனைப் பார்த்துச் சொல்வதாக வைத்து, 'என்னை விடாதே' என்று பொருள் வருமாறு. வாய்க்கு அச்சாகப் பொருந்தியது. ஒரு சொல்லாவது அந்த உதட்டில் நிற்கட்டும் என்று நினைத்தாள்.

குரல் இயக்குநர் நியே தாளைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார். "பெய் டீச்சர், குறிப்பு என்ன சொல்லுது? பகையை விடணும். நீங்க விடாதேன்னு எழுதியிருக்கீங்க. நேர் எதிரா இருக்கே."

"உதடு மூடியிருக்கு சார். மூணு பிரேம். வெறும் ஃபாங் வெச்சா முன்னாடி வாய் சும்மா அசையும்."

"அது உங்க பழைய கணக்கு. முகத்தையே மாத்தப் போறோம், மூணு பிரேம் உதடு எம்மாத்திரம்? முதல் அசைவை வழிச்சு எடுத்துடுவாங்க. 'பகையை விட்டேன்'ங்கற மாதிரி ஃபாங் மட்டும் வரட்டும். சொல்லுக்கு ஏத்த வாய் தானா வரும், வாய்க்கு ஏத்த சொல் தேடின காலமெல்லாம் போச்சு." பிறகு, மனம் கேட்காதவராக, "நீங்க ரொம்ப நல்லாத்தான் பொருத்தியிருக்கீங்க டீச்சர். அதுல குறையே இல்ல," என்றார்.

பத்து நாளில் திருத்திய காட்சி வந்தது. கூந்தலுக்குக் கீழே கதாநாயகியின் வாய். பல்வரிசை பளிங்கு. உதடு எங்கும் ஒட்டவில்லை; திறந்தபடியே தொடங்கி, நிதானமாக, 'ஃபாங்' என்றது. கண்ணாடிக்கு அப்பால் குரல் கொடுக்கும் பெண் அதற்குப் பெருமூச்சோடு உயிர் கொடுத்தாள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது.

"மூலப் பதிவு வட்டெல்லாம் என்ன ஆச்சு?" என்று குய்யிடம் கேட்டாள்.

"காலையில அழிச்சாச்சு. அடுத்த தொடருக்கு வேணும்ல. ஏன், ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்ல."

வாசல் பெட்டியிலிருந்து கைப்பேசியை எடுத்தபோது அப்பாவின் அழைப்பு மூன்று இருந்தது. வெளியே பாப்லர் மரப் பஞ்சு பனி போலப் பறந்து எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். ரோங் ஆலைச் சுவரோரம் நின்று திருப்பிக் கூப்பிட்டாள்.

"ஹெங்தியனுக்குப் போனியாமே," என்றார் அப்பா. "உன் சித்தி சொன்னா."

"ஆமாம்பா."

"எதுக்கு?"

"அன்னைக்கு எடுத்த படம் கிடைச்சுதுப்பா. ஷுவாங் வாய் தெரிஞ்சுது."

மறுமுனையில் அவர் எதையோ கீழே வைக்கும் சத்தம். "சரி, உன் தொழில்தானே அது. சொல்லு. ஃபாங்னாளா?"

"சொன்னாப்பா. ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு சொல்லு இருந்துச்சு."

"முன்னாடியா?" கிழவரின் குரல் ஏறியது. மூன்று வருடத்தில் முதல் முறையாக அதில் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. "என்ன சொல்லு அது? என்னன்னு சொன்னா?"

ரோங் உதடுகளை ஒட்டினாள். இரண்டு சொல்லுக்கும் தொடக்கம் ஒன்றுதான். ஒட்டியவை பிரிய மறுத்தன. அவள் சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். மூன்று பிரேம், முப்பது பிரேம், முந்நூறு. பஞ்சு வந்து அவள் மூடிய வாயில் ஒட்டிக்கொண்டது.

"ஹலோ?" என்றார் அப்பா. "ரோங்? பேசுறியா? இங்க ஒண்ணும் கேக்கலம்மா."

கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பக்கத்தில் யாரிடமோ, "லைன் போச்சு போல," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.